மதினி போட்ட நீலச் செருப்பு

இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றிப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பேன், அம்மாவின் முகம் ஞாபகம் வரும், மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு தாராவியில் பை தைக்கிற பட்டறைக்குப் போனவன் நான். எழுத்தில் பிழை வந்துவிடுமே என்ற கூச்சம் உண்டுதான். ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை. நான் உள்ளதை உள்ளபடி எழுதினால், அம்மா இத்தனை காலமும் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் சொல்லி வந்த கதை பொய்யாகிவிடும். அவள் இருக்கும்வரை அது வேண்டாம் என்று இருந்தேன். போன தை மாதம் அம்மா முருகன் காலடிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே எல்லாம் தெரிந்திருக்கும். இனி நான் எழுதினால் கோபப்பட மாட்டாள் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்ததும் முதலில் கண் முன்னால் வருவது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல நிறம், பல பேர் போட்டுத் தேய்ந்தது. எங்கள் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, செம்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் பெரிய சிஸ்டராக இருந்தாள். அந்த ஐசியுவுக்குள் வெளிச் செருப்போடு போகக் கூடாது. கோயிலுக்குப் போகிற மாதிரி வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும். கதவைத் திறந்ததும் உள்ளே ஓர் இரும்பு அலமாரி இருக்கும். மேல் தட்டில் வெள்ளைச் செருப்பு, வேலை செய்கிறவர்களுக்கு. கீழ்த் தட்டில் நீலச் செருப்பு, நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு. நீலச் செருப்புகள் கண்டபடி கிடக்கும். வெள்ளைச் செருப்புகளை மட்டும் நுனி உள்ளே கட்டில்களைப் பார்த்து இருக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். காலை நுழைத்ததும் ஓட வேண்டியதுதான், திருப்பிப் போட நேரம் இராது என்று மதினி செய்து வைத்த ஏற்பாடு அது. தாராவியில் எங்கள் வீட்டு வாசலிலும் அவள் செருப்பு மட்டும் நுனி தெருவைப் பார்த்து இருக்கும். "எங்கட்டி ஓடப்போற?" என்று அம்மா கேலி செய்வாள். "கூப்பிட்டா ஓடணும்லா அத்தே" என்பாள் மதினி.

மதினியும் தாராவியில் பிறந்து வளர்ந்தவள்தான். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கிருந்து நர்ஸ் படிப்புக்குப் போனாள். எங்கள் சந்தில் அப்படிப் போன முதல் பெண் அவள். பெண் பார்க்கப் போனபோது, "ராத்திரி டூட்டி எல்லாம் இருக்குமாமே" என்று சொந்தத்தில் பலர் முகம் சுளித்தார்கள். சுனாபட்டி மில்லில் ஃபிட்டராக இருந்த அண்ணன்தான், "எனக்கும் நைட் ஷிஃப்ட் இருக்கு, என்னைய எவனும் கேக்கலையே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

ஐசியு என்றால் டாக்டரும் நர்சும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மதினி சோறு போட்டுக்கொண்டே சொல்லச் சொல்லத்தான் அங்கே இத்தனை வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பெரிய டாக்டர் காலையில் வந்து ஒவ்வொரு கட்டிலாக நின்று இன்றைக்கு என்ன செய்வது என்று முடிவு சொல்லுவார். சின்ன டாக்டர் அங்கேயே கிடந்து அதை நடத்துவார். மூச்சு மெஷினைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு, அவரை எல்லாரும் டெக்னீஷியன் என்பார்கள். நெஞ்சைத் தட்டிச் சளியை இளக்கவும், கிடந்து கிடந்து விறைத்துப்போன கை கால்களை மடக்கி நீட்டவும் ஒரு பெண் வருவாள். படுத்தவரைப் புரட்டுவதற்கும் தூக்குவதற்கும் இருக்கிற ஆள் மாமா. உடம்பு துடைத்து, துணி மாற்றி, மூத்திரப் பையை எடுத்துவிடுகிற அம்மாள் மாவ்ஷி. மராட்டியில் அது சித்தி என்கிற முறை. மும்பை ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெரிய டாக்டரே "மாவ்ஷி, ஸரா இக்டே யா", சித்தி கொஞ்சம் இங்கே வாங்க, என்றுதான் கூப்பிடுவாராம். சாகக் கிடக்கிறவரைச் சுற்றி மாமாவும் சித்தியும் சிஸ்டரும் நிற்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு சிஸ்டர், அவள் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது. இவர்கள் எல்லாரையும் கட்டி மேய்க்கிறவள் எங்கள் மதினி. "அப்ப நீங்கதான் ராணி" என்று ஒருநாள் சொன்னேன். "போங்க தம்பி, கல்யாண வீட்டுச் சமையக்கட்டைப் பாத்துக்கிற ஆளு மாதிரி. கரண்டிய நான் பிடிக்க மாட்டேன். எந்தக் கரண்டி எங்க நிக்கின்னு தெரிஞ்சிருக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

அவள் அங்கே இரண்டு சட்டம் வைத்திருந்தாள். ஒன்று, யாராவது தப்பாக எதையாவது கண்டால் "ருக்கோ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நில் என்று அர்த்தம். சொன்னவள் நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணாக இருந்தாலும், கேட்டவர் பெரிய டாக்டராக இருந்தாலும், கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகுதான் பேச்சு. நிறுத்தியதற்காக யாரும் யாரையும் கோபிக்கக் கூடாது. இரண்டாவது, தன் சொந்த ரத்தமோ உறவோ உள்ளே கட்டிலில் இருந்தால், அந்த ஆள் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே சொந்தக்காரர்களோடு உட்கார வேண்டும். ஒரு மராட்டிக்கார சிஸ்டரின் அப்பா அட்மிட் ஆனபோது அவள் அழுது மன்றாடியும் மதினி அவளை உள்ளே நிற்க விடவில்லை. அதை வீட்டில் வந்து சொன்ன அன்றைக்கு மதினி சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கே வந்தது. சுனாபட்டியிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்த அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. மழைத் தண்ணீரில் கலந்து வருகிற அந்த எலிக் காய்ச்சலை மும்பையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் மஞ்சளாகி, இருமலில் ரத்தம் வந்தது. நெஞ்சுக்குள் ரத்தம் கசிகிறது, மெஷினில் வைக்க வேண்டும் என்றார்கள். படுக்கை கிடைத்தது மதினியின் ஐசியுவில்தான். அவள் அப்போது டூட்டியில் இருந்தாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு மாமா உள்ளே போவதைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து அடுத்த சிஸ்டரிடம் கொடுத்தாள். வெள்ளைச் செருப்பைக் கழற்றி, நுனி உள்ளே பார்க்க மேல் தட்டில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வெளியே வந்து எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அம்மாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. பெஞ்சில் இருந்த மற்ற ஜனங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டாள்.

"ஏட்டி, ஊருப்பட்ட சனத்தை எல்லாம் நீதான் பிழைக்க வச்சேன்னு நாங்க பீத்திக்கிட்டுத் திரியுதோம். இன்னைக்கு ஒன் புருசன் உள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்கான். நீ என்னடான்னா எங்க கூட வந்து குந்திக்கிட்ட. உள்ள போட்டி!"

"உள்ள என்னைய விட நல்லாப் பாக்க ஆளு இருக்காவ அத்தே."

"ஒனக்கு நெஞ்சு கல்லுட்டி."

மதினி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு அந்தப் பிள்ளை அப்பாவுக்காக அழுதா தம்பி. நான் வெளிய போன்னேன். இன்னைக்கு நான் உள்ள நின்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? அதுவும் போவ, நான் உள்ள நின்னா எல்லாரும் உங்க அண்ணனைப் பாக்க மாட்டாவ. என் மூஞ்சியத்தான் பாப்பாவ."

அண்ணன் கட்டிலைப் பார்த்துக்கொள்ளப் போட்ட சிஸ்டர் பாண்டுப்பிலிருந்து வருகிற ஒரு தமிழ்ப் பெண். புதிதாகச் சேர்ந்தவள், சின்ன உருவம், கண்ணாடி போட்டிருப்பாள். வீட்டுத் தமிழ் பேசுவாள், பதற்றம் வந்தால் இந்திக்குத் தாவிவிடுவாள். மதினி வீட்டில் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், அதனால் பெயரைக் கேட்டதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தச் சின்னக் குட்டியா? சிலிண்டர் மாத்தத் தெரியுமா அதுக்கு?" மதினி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். "நான் பழக்குன பிள்ளை அத்தே" என்றாள். சிரிப்பு சிரிப்பாக இருந்தாலும், விரல்கள் தாலியை விட்டு இறங்கவே இல்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் பார்வை நேரத்தில் மதினியையும் என்னையும் உள்ளே விட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினோம். பெஞ்சுக்காரர்களின் செருப்புக் குவியலில் மதினியின் செருப்பும் கிடந்தது. கதவைத் தாண்டியதும் அவள் கை பழக்கத்தில் மேல் தட்டுக்குப் போயிற்று. வெள்ளைச் செருப்பைத் தொட்டுவிட்டது. அப்படியே ஒரு நொடி நின்றாள். பிறகு குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு நீலச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் காலுக்கு அது பெரிது. தரையில் இழுபட்டுச் சத்தம் கேட்டது. அந்த ஹாலில் அவள் அப்படி நடந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாவ்ஷி கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணன் வாயில் குழாயோடு, கண் மூடிக் கிடந்தான். சட்டைப் பையில் நான் திருநீறு வைத்திருந்தேன். செம்பூர் முருகன் சந்நிதியில் வாங்கியது. "நெத்தியில மட்டும் தம்பி. கன்னத்துல டேப் ஒட்டியிருக்கு, பொடி பட்டா பிடிக்காது" என்றாள் மதினி. ஒரு விரலால் தொட்டு வைத்தேன். அவள் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமாட்டில் அந்தச் சின்ன சிஸ்டர் மருந்து ஏறுகிற குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன டாக்டர் அடுத்த கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலையாக இருந்தார்.

அப்போதுதான் மூச்சு மெஷின் கத்தியது. அண்ணன் நெஞ்சு தூக்கிப் போட்டது. மதினியின் கை, அவள் அறியாமலேயே என்றுதான் சொல்வேன், நீண்டு போய் அந்த மெஷினில் சத்தத்தை அமர்த்துகிற பொத்தானைத் தொட்டது. எத்தனையோ வருஷம் நாள் முழுக்கச் செய்த வேலை. சத்தத்தை அமர்த்து, பிறகு ஆளைப் பார். நம் வீட்டுப் பெண்கள் பால் பொங்கினால் பேச்சை நிறுத்தாமலேயே அடுப்பை அணைக்கிற மாதிரி, அந்தக் கை தானாகப் போயிற்று.

"ருக்கோ!"

அந்தச் சின்ன உருவத்திலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஹால் முழுக்க நின்றது. மாமா தூக்கிய தலையணையோடு நின்றார். அடுத்த கட்டில் டாக்டர் திரும்பினார்.

"ஹாத் ஹட்டாவோ, சிஸ்டர். கையை எடுங்க. நீங்க இன்னைக்கு ரிலேட்டிவ். சத்தம் இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே அந்தப் பெண் மதினிக்கும் மெஷினுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவளை, கட்டிலில் கிடப்பவனின் பெண்டாட்டியை, எல்லார் முன்னாலும் இப்படியா? மதினி கையை எடுத்தாள். அந்தப் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து, சுவரில் முதுகு முட்டுகிற வரைக்கும் வந்து நின்று, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் நேரம் எடுக்கும், அங்கே அது மூச்சு விடுகிற நேரத்தில் நடந்தது. சின்ன சிஸ்டர் உறிஞ்சுகிற குழாயை அண்ணன் வாய்க் குழாய்க்குள் விட்டாள். அது போகவில்லை. "ட்யூப் பிளாக்" என்று சத்தமாகச் சொன்னாள். டாக்டர் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தார். டெக்னீஷியன் மெஷினைக் கழற்றிவிட்டு, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ரப்பர் பையை எடுத்தார். மாமா கூப்பிடாமலேயே தள்ளுவண்டியைக் கொண்டுவந்து டாக்டரின் வலது கைப் பக்கம் நிறுத்தினார். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. மாவ்ஷி திரையை இழுத்துவிட்டாள். பிறகு எங்களிடம் வந்து, இத்தனை வருஷம் யாரிடம் உத்தரவு வாங்கினாளோ அவள் முழங்கையையே மெல்லப் பிடித்து, "பாஹேர் சலா, சிஸ்டர்" என்று வெளியே கூட்டி வந்தாள்.

வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மதினி நீலச் செருப்பைக் கழற்ற மறந்து அதோடேயே வந்திருந்தாள், அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. கதவில் வட்டக் கண்ணாடி இருக்கிறது, எழுந்து பார்க்கலாம். அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப குழாயை எடுப்பாவ... மாஸ்க் வச்சுப் பை அமுக்குவாரு டெக்னீஷியன்... புதுக் குழாய் உள்ள போவும்..." என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கந்த சஷ்டி கவசத்தை மனசுக்குள் சொன்னேன். அவள் சொன்னதும் மந்திரம் மாதிரித்தான் என் காதில் விழுந்தது. அம்மா எதுவும் புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கதவு திறந்தது. சின்ன சிஸ்டர்தான் வந்தாள். கண்ணாடி வேர்வையில் மங்கியிருந்தது. "ரத்தக் கட்டி அடைச்சிருந்துச்சு. ட்யூப் மாத்தியாச்சு. மூச்சு நல்லாப் போகுது" என்றாள். அதுவரைக்கும் சிஸ்டராக இருந்தவள் அதற்குமேல் சின்னப் பெண்ணாகிவிட்டாள். "சாரி சிஸ்டர். நான் கத்திட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

மதினி எழுந்து அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "கிறுக்கச்சி, எதுக்கு சாரி? சத்தத்தை நான் அமத்தியிருந்தா டாக்டர் திரும்பியிருக்க மாட்டாரு. என் கை அங்க இருந்தா, பெரிய சிஸ்டர் பாத்துக்கிடுதாவன்னு எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாத்திருப்பாவ. உள்ள போ. கட்டிலை விட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லா?" அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்து, திரும்பி ஓடினாள். மதினி என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் அவ்வளவு பெருமையான முகத்தை நான் பிறகு எப்போதும் பார்த்ததில்லை, அவள் பிள்ளைகள் பாஸான நாளில்கூட. "பாத்தேளா தம்பி! என்னையே நிறுத்திட்டா!"

அண்ணன் பிழைத்தான். நாளாயிற்று, ஆனால் நடந்தே வீட்டுக்கு வந்தான். எங்கள் சந்து அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தோம். அங்கேதான் அம்மா முதன்முதலில் அந்தக் கதையைச் சொன்னாள். டாக்டர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். மருமகள் தலைமுடி அவிழ, தடுத்தவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, தன் கையாலேயே புருசனைப் பிழைக்க வைத்தாளாம். கேட்ட பெண்கள் எல்லாம் மதினி கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மதினி பதறிப்போய், "அத்தே, அப்படி நடக்கல" என்றாள். "ஒனக்கு என்னட்டி தெரியும், நீ என்ன உள்ளயா இருந்த?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு அண்ணன் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. அன்றைக்கு நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கதை அதோடு நிற்கவில்லை. சயான், மாட்டுங்கா, ஐரோலி வரைக்கும் போயிற்று. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பெஞ்சில் அவள் சொன்ன "கல்லு" என்ற சொல்லை இப்படித்தான் அவளுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை யாராவது வந்து பாராட்டும்போதும் மதினி முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையில் சின்ன சிஸ்டர் இல்லை. மாமா இல்லை, மாவ்ஷி இல்லை. டாக்டர் இருந்தார், ஆனால் கையை விரிக்கிறவராக இருந்தார்.

மதினி ரிட்டயர் ஆகிவிட்டாள். இப்போதும் வீட்டு வாசலில் அவள் செருப்பு நுனி தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. சமீபத்தில் என் பட்டறையில் வேலை செய்கிறவரின் மனைவியை அதே ஐசியுவில் சேர்த்தார்கள், நானும் துணைக்குப் போனேன். இப்போது அங்கே பெரிய சிஸ்டர் அந்தக் கண்ணாடிப் பெண்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து, மதினியை விசாரித்தாள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல்நாளே அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிவிடுவாளாம். "நீங்க அவங்களை நிறுத்துனதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "கத்துறதுக்கு எனக்கு ஒரு செகண்ட் போதும் அங்கிள். அவங்க நின்னாங்களே, அதைச் சொல்லுவேன்."

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன். எங்கள் மதினி கதையை நீங்கள் எங்காவது கேட்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். இதைச் சொல்லுங்கள். அழகுக்காக எதையும் சேர்க்க வேண்டாம், அவளை ஓட வைக்க வேண்டாம். தன் புருசன் மூச்சுக்குத் திணறும்போது, தான் பழக்கிய பிள்ளைகளை நம்பி, காலுக்குப் பொருந்தாத ஒரு நீலச் செருப்பில் சுவரோரமாக நின்றாள் என்று சொல்லுங்கள். அன்றைக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அது அவள் காலிலேயே இருந்ததைப் பார்த்தோம். மறுநாள் அவள் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கீழ்த் தட்டில் வைத்தாள், நுனி உள்ளே கட்டில்களைப் பார்க்க. சமீபத்தில் நான் அங்கே போன அன்றைக்கு, நீலச் செருப்புகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.